தண்ணீர் கேட்டுத் தொடங்கிய பேச்சு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



எனக்குத் தரப்பட்ட பொருள் ‘சமயங்களுக்கிடையே உரையாடல்’. அது கடல். நான் ஒரே ஒரு துறையில் மட்டும் இறங்குகிறேன். கிறித்தவர் ஒருவர் தம் நம்பிக்கையைப் பிற சமயத்தாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதுதான் அந்தத் துறை. நான் கிறித்தவன். ஊரில் ‘வேதக்காரர் வீடு’ என்று நான்கு தலைமுறையாக அழைக்கப்பட்ட வீட்டில் பிறந்தவன். இந்த அவையில் பாதிக்கு மேல் பிற சமயத்தார் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் எப்படிப் பேசுவது என்பதை உங்களை வைத்துக்கொண்டே பேசுவதுதான் முறை.

ஒரு மாலைப்பொழுதைச் சொல்லித் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு விவசாயி. மறுநாள் காலை அவருக்குக் குடலில் அறுவை. தலையணைக்கு அடியில் வைத்தீசுவரன் கோயில் பிரசாதமான திருச்சாந்துருண்டைப் பொட்டலம் இருந்தது. பார்வையாளர் நேரத்தில் ஒரு கிறித்தவ ஊழியர் கட்டில் கட்டிலாக வந்தார். அந்த விவசாயியின் கையில் ஒரு கைப்பிரதியைக் கொடுத்து, இன்று இரவு உயிர் போனால் எங்கே போவீர்கள் என்று கேட்டார். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. நோயாளி ஒன்றும் பேசவில்லை. பிரதியை நாலாக மடித்து டிபன் கேரியருக்கு அடியில் வைத்தார். என் தந்தையார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அந்த ஊழியர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. சொன்னதை அவர் மனமார நம்பினார். பேருந்தில் நின்றுகொண்டே வந்திருப்பார், கைக்காசு போட்டுப் பிரதி வாங்கியிருப்பார். அவ்வளவு உண்மையான மனிதரின் பேச்சு அந்தப் பெண்ணின் காதில் ஏன் சாபமாக விழுந்தது? இந்த உரை முழுவதும் அந்தக் கேள்விக்கு நான் தேடும் விடைதான்.

தமிழில் ‘கேட்டல்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வினைகள் குடியிருக்கின்றன. கடன் கேட்டான், வழி கேட்டான், பாட்டுக் கேட்டான் என்கிறோம். வேண்டுவதும் வினவுவதும் செவியில் வாங்குவதும் நமக்கு ஒரே சொல். அந்தச் சொல்லின் ஒலியை ஒட்டியே ‘கேளிர்’, அதாவது உறவினர், என்ற பழஞ்சொல்லும் நிற்கிறது. நம்பிக்கையைச் சொல்லும் தகுதி, இந்த மூன்று கேட்டலையும் செய்தவருக்குத்தான் வருகிறது என்பது என் கருத்து. அதை ஐந்து பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. வேண்டுவது

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் இயேசு சமாரியா நாட்டுச் சீகார் ஊரை ஒட்டிய கிணற்றடியில் களைத்து உட்கார்ந்திருக்கிறார். உச்சி வேளை. சமாரியப் பெண் ஒருத்தி தண்ணீர் எடுக்க வருகிறாள். அவளிடம் அவர் முதலில் பேசியது குடிக்கத் தண்ணீர் தரும்படி கேட்டுத்தான். யூதருக்கும் சமாரியருக்கும் புழக்கம் கிடையாது. யூத ஆண் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறாரே என்று அவளே வியக்கிறாள். கிணறு ஆழம், உம்மிடம் மொண்டுகொள்ளப் பாத்திரம்கூட இல்லையே என்றும் சுட்டிக்காட்டுகிறாள்.

இதன் கனம் ஐரோப்பிய உரைகாரர்களைவிட நமக்கு நன்றாகப் புரியும். யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிப்பது என்பதை வைத்தே ஊரைப் பிரித்தவர்கள் நாம். டீக்கடையில் தனிக் குவளை வைத்தவர்கள் நாம். அந்தக் கிணற்றடியில் தாகமாயிருந்தவர் இயேசு, கயிறும் குடமும் வைத்திருந்தவள் அவள். கடவுளை எந்த மலையில் தொழுவது என்ற சமயக் கேள்வியை எழுப்பியவளும் அவள்தான்.

எங்கள் திருச்சபைகள் இந்த மண்ணில் பள்ளிகள் கட்டின, மருத்துவமனைகள் கட்டின. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் எப்போதும் கொடுக்கிற கை மேலேயே இருக்கும். மேலே இருக்கிற கையோடு வருகிற நற்செய்தி, வாங்குகிறவரைக் கீழேயே வைத்துவிடுகிறது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டு அத்தையைச் சொல்ல வேண்டும். உறவில்லை, அழைப்பில்தான் அத்தை. பொங்கலானாலும் பிள்ளையார் சதுர்த்தியானாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி வரும். வாசலில் நின்றபடியே, “இது படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வெச்சது, தாராளமா சாப்பிடுங்க” என்பார். படைத்ததை நாங்கள் உண்ண மாட்டோம் என்று யாரும் அவரிடம் விளக்கவில்லை. தாமாகக் கவனித்து, தம் சாமிக்கும் குறையில்லாமல் எங்கள் மனத்துக்கும் நோவில்லாமல் ஒரு வழி கண்டிருந்தார். அயல் சமயத்தாரிடம் பக்குவமாக நடந்துகொள்வது எப்படி என்று நான் படித்த முதல் பாடம் அந்தத் தூக்குவாளிதான். எங்கள் பக்கத்தில் இருந்து அவரிடம் நாங்கள் எதையாவது கேட்டு வாங்கியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தனுப்பினோம். கேட்டதாக நினைவில்லை.

2. வினவுவது

இந்தப் பகுதியில் சற்று நேரம் நிற்கப் போகிறேன். என் படிப்பும் இதில்தான்.

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் இறங்கினார்கள். இருவரும் செர்மானியர், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பியவர்கள். சீகன்பால்குக்கு மறுநாள் 24 வயது நிறைகிறது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620இல் டேனியர் பெற்ற சிறிய துறைமுகம் தரங்கம்பாடி.

வந்த புதிதில் சீகன்பால்கு ஒரு கோயிலில் இருந்த சிறு உருவங்கள் சிலவற்றைத் தள்ளி உடைத்தார். இதை எழுதி வைத்தவர் அவரே. அங்கே நின்றிருந்த கற்றவர் ஒருவர், இவை கடவுள் அல்ல என்று எங்களுக்கும் தெரியாதா, இவை கடவுளுடைய காவல் வீரர்கள் என்று அவருக்கு விளக்கியதையும் எழுதியிருக்கிறார். உடைத்தவருக்கு உடைந்தது என்ன என்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அந்த இளைஞர் பிறகு தரையில் உட்கார்ந்தார். வயது முதிர்ந்த வாத்தியார் ஒருவரின் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறுவர்களோடு சிறுவராக மணலில் விரலால் எழுத்துப் பழகினார். பல மொழி தெரிந்த அழகப்பன் அவருக்குத் துணையானார். 1708க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி ஒரு பட்டியல் செய்தார். குறள் அதில் உண்டு. நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி மூன்றையும் செர்மானிய மொழிக்குக் கொண்டுபோனார்.

நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த படி. 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் சுற்றுவட்டாரத்துத் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். கடவுளைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் கேட்டார்கள். பள்ளி, மருத்துவம், திருமணம் பற்றியும் கேட்டார்கள். எங்கள் மார்க்கத்தை நீங்கள் ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். வந்த பதில்களில் 99 கடிதங்கள் செர்மானிய மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. தமிழ் மூலங்கள் இன்று இல்லை. எழுதியவர்களின் பெயர்களும் அச்சில் இல்லை. டேனியல் ஜெயராஜும் ரிச்சர்ட் பாக்ஸ் யங்கும் 2013இல் இவற்றை ஆங்கிலத்தில் விரிவான விளக்கத்தோடு கொண்டுவந்தார்கள்.

கேள்விகளில் பலவகை உண்டு. ஆசிரியர் மாணவனைக் கேட்பது ஒன்று, வக்கீல் எதிர்த்தரப்புச் சாட்சியைக் கேட்பது இன்னொன்று. இரண்டிலும் கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். வழி தெரியாதவன் தெருமுனையில் நின்று கேட்பது மூன்றாவது வகை. மருத்துவமனைக்கு வந்த ஊழியர் கேட்டது வக்கீல் கேள்வி. சீகன்பால்கின் கேள்விகளிலும் அந்த வாடை இல்லாமல் இல்லை. 1713இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அவர் அச்சிட்ட முதல் துண்டு நூல்களில் ஒன்றின் பெயரே ‘அக்கியானம்’. எதிரே இருப்பவரை அறியாமையில் கிடப்பவர் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டுத்தான் அவர் பேச்சைத் தொடங்கினார். அதை மறைத்து அவரை இன்றைய சமய நல்லிணக்கக்காரராக வரைவது நேர்மையாகாது.

ஆனாலும் அந்தக் கடிதங்கள் அவருடைய கையை மீறிவிட்டன. வினவப்பட்டவர்கள் விடை சொன்னதோடு நிற்கவில்லை. உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி தின்கிறார்கள், உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்லை, இவர்களைப் பார்த்துவிட்டு உங்கள் வேதம் உயர்ந்தது என்று எப்படி நம்புவது என்று திருப்பிக் கேட்டார்கள். எங்களிடமும் அறமும் வீடும் பற்றிய நூல்கள் உண்டு என்று நிமிர்ந்து சொன்னார்கள். சீகன்பால்கும் கிரண்ட்லரும் இதையெல்லாம் மொழிபெயர்த்து, தங்களுக்குப் பணமும் ஆதரவும் திரட்டித் தந்த ஊருக்கே அனுப்பி அச்சேற்ற இடம் கொடுத்தார்கள். தம் வேலை ஏன் நடக்கவில்லை என்பதை எதிர்ப்பக்கத்தாரின் வாய்மொழியாகவே தம் ஆதரவாளர்கள் முன் வைப்பதற்குத் துணிவு வேண்டும். இன்று எந்த ஊழியத்தின் ஆண்டறிக்கையிலாவது, எங்கள் ஊரார் எங்களைப் பற்றிச் சொன்ன குறை என்று ஒரு பக்கம் உண்டா?

3. செவியில் வாங்குவது

கேட்டது உள்ளே போயிற்றா என்பதற்கு அடையாளம், கேட்டவரின் மொழி மாறுவது. சீகன்பால்கு 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வமிச வரலாறு என்று ஒரு பெருநூல் எழுதினார். தாம் ஏற்காத சமயத்தை, அதை ஏற்பவர்கள் தந்த செய்திகளைக் கொண்டு எழுதிய நூல் அது. ஹாலேயில் இருந்தவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் மனத்தாங்கல். கையெழுத்துப் பிரதி 154 ஆண்டுகள் உறங்கி, 1867இல் சென்னையில் வில்ஹெல்ம் கெர்மான் கையால் அச்சாயிற்று. சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23இல் 36 வயதில் மறைந்தார். தாமே கட்டி முந்தைய ஆண்டு திறந்துவைத்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார்.

அவருக்கு நூறு ஆண்டு முன்னால் மதுரையில் நடந்ததும் சொற்களின் கதைதான். 1606இல் அங்கே போன இராபர்ட் தெ நொபிலி ஒரு செய்தியைக் கண்டார். ஞானத்தீக்கை பெற வருவோரிடம் ‘பரங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா’ என்று கேட்கும் வழக்கம் இருந்தது. பரங்கி என்றால் போர்த்துக்கீசியர். கேட்பவர் கிறித்துவை நினைத்துக் கேட்டார். கேட்கப்பட்டவர் காதில் குடியும் இறைச்சியும் தோல்காலணியும் விழுந்தன. நொபிலி உடையை மாற்றினார், உணவை மாற்றினார், தமிழில் உரைநடை எழுதினார். சாதிப் பிரிவினையை அப்படியே ஏற்றுக்கொண்டு அவர் நடந்ததை நான் குறையாகவே பார்க்கிறேன். அதன் வடுக்கள் கல்லறைத் தோட்டங்கள்வரை நம்மிடம் தொடர்கின்றன. ஆனால் ஒரு சொல் மற்றவர் காதில் என்னவாக விழுகிறது என்று கவலைப்பட்டவர் அவர். அந்தக் கவலை இன்று நமக்கு வேண்டும்.

சபைக்குள் நாம் புழங்கும் சொற்களைப் பாருங்கள். ‘ஆத்தும ஆதாயம்’ என்கிறோம். ஆதாயம் கடைக்கணக்கில் வரும் சொல். அடுத்த வீட்டு அத்தை என் ஆதாயமா? ‘அஞ்ஞானி’ என்கிறோம், ‘புறஜாதியார்’ என்கிறோம், ஓர் ஊரை ‘அறுவடைக்களம்’ என்கிறோம். வேதாகமத்தில் வேரூன்றிய சொற்கள் சில இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒலிபெருக்கி வந்தபிறகு சபைக்குள் பேசுவது என்று ஒன்று கிடையாது. நான்கு தெரு தள்ளி இருப்பவரும் தம்மைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர் முன்னால் சொல்லக் கூசுகிற சொல்லை அவர் இல்லாத இடத்திலும் சொல்லக் கூடாது என்பதை நான் என் மாணவர்களுக்கு விதியாகவே சொல்லி வருகிறேன்.

4. சொல்வது

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? அப்படிச் சொல்பவன் அல்லன் நான். தனக்கு உயிராக இருப்பதை நண்பரிடம் ஒருநாளும் சொல்லாமல் இருப்பதும் ஒருவகையில் அவரை விலக்கி வைப்பதுதான். கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பது பேதுருவின் முதல் நிருபம் தரும் அறிவுரை. அங்கேயும் பேச்சு, ஒருவர் கேட்ட பிறகுதான் வருகிறது.

இதற்கு முறை கண்டவர்களில் அமெரிக்க மெத்தடிஸ்டு ஊழியர் ஸ்டான்லி ஜோன்ஸ் முக்கியமானவர். 1920களில் இந்திய நகரங்களில் வட்டமேசைக் கூட்டங்கள் நடத்தினார். இந்துக்களும் இசுலாமியரும் பிறரும் பெரும்பான்மையாகவும் கிறித்தவர் சிலராகவும் அமர்வார்கள். வாதாடக் கூடாது, பிரசங்கம் கூடாது. என் சமயம் என் வாழ்க்கையில் எனக்கு என்ன செய்தது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதில் ‘என்னைத் தேற்றியது’ என்றும் சொல்லலாம், ‘எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை’ என்றும் சொல்லலாம். 1928இல் இதை நூலாகவும் எழுதினார். சாட்சி என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் இருக்கும் அதே பொருள் இங்கும்: கண்டதைச் சொல்பவர் சாட்சி. தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில்லை.

நம் பக்கத்தில் இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய மருத்துவர்கள் சவரிராயன் ஏசுதாசன், ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். கோபுரத்தோடு தமிழ்க் கோயில் அமைப்பில் ஜெபாலயம் எழுப்பினார்கள். அவர்களை அங்கே பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அழைத்தார்கள். துரை என்று அழைக்கப்பட்டிருக்க வேண்டியவர் சின்னண்ணன் ஆனார். இன்னொருவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகருக்கும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் நண்பர். எந்தச் சமயத்தாரும் பாடலாம் என்று அவர் செய்த ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ 1878இல் வந்தது. அவர் பாட்டு இன்றும் கச்சேரி மேடையில் ஒலிக்கிறது. பாடுபவர் பெரும்பாலும் கிறித்தவரல்லர்.

5. பேசக் கூடாத இடங்கள்

நம் அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமை தம் சமயத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்வதற்கானது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தத் தீர்ப்பை விவாதிப்பது இன்றைய வேலை இல்லை. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் பேசாமல் இருக்க வேண்டிய வேளைகள் உண்டு.

2011 ஜூனில் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும் உலக நற்செய்திக் கூட்டணியும் சேர்ந்து, பல்சமயச் சூழலில் சாட்சி பகர்வது பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டன. பல நூற்றாண்டுகளாக ஒத்துப்போகாத மரபுகள் இந்த ஒன்றில் கையொப்பம் சேர்த்தன. வஞ்சகமும் வற்புறுத்தலும் ஆசைகாட்டலும் நற்செய்தியையே காட்டிக்கொடுக்கின்றன என்பதும், வறுமையையும் நோயையும் வாய்ப்பாக்கிக்கொள்ளக் கூடாது என்பதும் அதன் சாரம். நம் சபைகளில் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள் என்று எனக்கு ஐயம். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்காவது இது தமிழில் போய்ச் சேர வேண்டும்.

என் பட்டியல் சின்னது. எழுந்து போக முடியாதவரிடம் பேசாதீர்கள். நோயாளி, நம்மிடம் கடன் பட்டவர், நம் கீழ் வேலை செய்பவர், நம் பள்ளியில் படிக்கும் பிள்ளை, துக்க வீட்டில் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர், இவர்கள் யாரும் எழுந்து போக முடியாதவர்கள். ‘போதும்’ என்று சொல்லிவிட்டுக் காபியை முடித்து நட்போடு விடைபெறக்கூடிய மனிதரிடம்தான் நம்பிக்கையைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த மருத்துவமனைக்கே திரும்புகிறேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு அறுவை நல்லபடியாக முடிந்தது. நான்கு நாள் கழித்து, விளக்கணைத்த பிறகு, அவர் என் தந்தையாரைக் கூப்பிட்டார். நான் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

“அய்யா, ராத்திரி ராத்திரி கண்ண மூடிக்கிட்டு வாய்க்குள்ளயே பேசுறீங்களே. சாமிகிட்ட என்ன கேக்குறீங்க?”

என் தந்தையார் சற்றுப் பேசாமல் இருந்தார். பிறகு, “உங்க தையல் ஆறணும்னுதான். அப்புறம் என் காலு” என்றார்.

“நானும் வைத்தியநாதர்கிட்ட உங்க காலைச் சொல்லி வெச்சிருக்கேன்” என்றார் அவர். பிறகு, “உங்க சாமியப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன், தூக்கம் வரல” என்றார்.

என் தந்தையார் அரைமணி நேரம் பேசினார். மகனாகிய என்னிடம் அவர் ஒருநாளும் சொல்லாத சில செய்திகளும் அதில் இருந்தன.